பெண்கள் தொட்டிக்கு நாற்பத்து நான்கு டிகிரி

அக்டோபர் 2, வியாழன்

இது இப்படித்தான் வந்து நிற்கும் என்று மூன்று வருடத்துக்கு முன்பே சொன்னவன் நான். எங்கள் பொதுக் குளியலகத்தின் ஆண்கள் பக்கத்தை இடித்துவிட்டு, அங்கே பெண்கள் மட்டும் ஆளுக்கொரு படுக்கைப் பெட்டிக்குள் தங்கும் பெட்டி விடுதி கட்டப் போகிறேன் என்று அண்ணன் மகள் மினாகோ வந்து நின்றாள். அன்றைக்கே சொன்னேன்: "ஒரே தொட்டியில ரெண்டு வகைப் பொம்பளைங்கள இறக்காதே. ரத்தம் ஓடும்." அப்போது நான் ஆஸ்பத்திரியில் பித்தப்பைக் கல்லோடு படுத்திருந்தேன். எலுமிச்சம்பழம் அளவு கல். டாக்டரே பயந்துபோய் வேறு டாக்டரைக் கூப்பிட்டார். அந்த நிலைமையிலும் சொன்னேன்.

இன்று ரத்தம் ஓடவில்லை. ஒரு சோப்பு டப்பா பறந்தது.

இசோயோ அக்கா மூன்றரைக்கு முதல் ஆளாக உள்ளே போய், தொட்டியில் பச்சைத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். எழுபத்தொன்பது வயது. முப்பது வருடம் மீன் சந்தையில் கத்திக் கத்தியே வளர்ந்த தொண்டை. அந்த இடத்தில் உட்காருவது காவல் உத்தியோகம். எவளாவது பச்சைத் தண்ணீரைத் திறந்து சூட்டைக் கெடுத்துவிடக் கூடாது. பெட்டியில் தங்கும் பெண் ஒருத்தி வந்து கையை நீட்டியிருக்கிறாள்.

"பாட்டி, கொஞ்சம் தண்ணி கலந்துக்கிறேன். கால் வைக்க முடியல."

"யாருக்குடி பாட்டி? வைக்க முடியலன்னா அந்தக் கால எடுத்துக்கிட்டுப் போ."

"நான் காசு குடுத்துத் தங்கறவ."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் காசு குடுத்தாச்சு."

அப்புறம்தான் சோப்பு டப்பா. நாற்பது பெண்கள் ஒரே சமயத்தில் கத்தினார்கள். சரி, ஏழு பேர். சுவருக்கு இந்தப் பக்கம் பாய்லர் அறையில் இருந்த எனக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது. நாற்பது வருடம் பழகிய காது.

மினாகோ தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "இன்னும் ஒரே ஒரு புகார் வரட்டும் சித்தப்பா. அக்கம்பக்கத்துக்காரங்க குளிக்கிற நேரத்தையே எடுத்துடறேன். விடுதிக்காரங்களுக்கு மட்டும்தான் தொட்டி."

அவர்களுக்கு இருப்பதே மூன்றரையிலிருந்து ஏழு மணி வரைதான். இசோயோ அக்கா வீட்டில் குளியலறை கிடையாது. அந்தக் கட்டடத்தில் யார் வீட்டிலும் கிடையாது. அடுத்த குளியலகத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அவள் முழங்காலுக்கு ஒரு பஸ்ஸே அதிகம்.

அவர்கள் போய்விட்டால் நாற்பத்து நான்கு டிகிரி யாருக்கு வேண்டும்? நான் யாருக்கு வேண்டும்?

அக்டோபர் 5, ஞாயிறு

வெந்நீர் ஒரு விஞ்ஞானம். பள்ளிக்கூடத்தில் நான் பாதியில் நின்றவன்தான், ஆனால் இதைப் பேராசிரியர்களுக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நாற்பத்தியொன்றில் தண்ணீர் தூங்குகிறது. நாற்பத்து மூன்றில் புரண்டு படுக்கிறது. நாற்பத்து நான்கில்தான் எழுந்து உட்காருகிறது. இடித்த வீடுகளின் மரத்தைப் பிளந்து, ஈரம் பார்த்து, எது முன்னால் எது பின்னால் என்று அறிந்து போட வேண்டும். ஆண்கள் பக்கம் இருந்த காலத்தில் ஒரு சுமோ மல்லர் என் தண்ணீரில் இறங்கி அழுதார். ஆனந்தக் கண்ணீர். சூடு தாங்காமல் அழுதார் என்று அண்ணன் சொல்வான். அவனுக்குப் பொறாமை.

அக்டோபர் 9, வியாழன்

மினாகோ தொட்டிக்கு மேலே நாலு மொழியில் அறிவிப்பு ஒட்டினாள்: 'விரும்புவோர் குளிர்ந்த நீர் கலந்துகொள்ளலாம்.' இசோயோ அக்கா அதன்மேல் தன் துண்டைத் தொங்கவிட்டாள். மினாகோ துண்டை எடுத்தாள். இசோயோ அக்கா இரண்டு துண்டு கொண்டு வந்தாள்.

விடுதியைப் பற்றி யாரோ இணையத்தில் எழுதியிருப்பதை மினாகோ என்னிடம் வாசித்துக் காட்டினாள். "பெட்டி சுத்தம். படுக்கை சுகம். தொட்டி சுடுகிறது. கிழவிகள் அதைவிடச் சுடுகிறார்கள்."

"நல்லாத்தான் எழுதியிருக்கா" என்றேன்.

"சிரிக்காதீங்க."

சோப்பு டப்பாக்காரியை இன்று நேரில் பார்த்தேன். பெயர் சிஹாரு. டோட்டோரியிலிருந்து வேலை தேடி வந்தவளாம்; பதினேழாம் எண் பெட்டியில் ஒரு மாதமாகக் கிடக்கிறாள். நீர்க்கோழி மாதிரி கழுத்து. நான் சந்தில் விறகு தள்ளிக்கொண்டு போகையில் வழியை மறித்து நின்றாள்.

"இங்க ஆம்பளைங்க வரக்கூடாதே?"

"நான் ஆம்பள இல்லம்மா. பாய்லர்."

சிரிக்கவில்லை. கைபேசியில் என்னைப் படம் எடுத்துக்கொண்டு போய் மினாகோவிடம் காட்டி விசாரித்திருக்கிறாள். என் சொந்த அண்ணன் கட்டிய இடத்தில் எனக்கு அடையாள அட்டை வேண்டுமாம்!

அக்டோபர் 16, வியாழன், மத்தியானம்

சாப்பாட்டுத் தட்டில் அயிலை மீனுக்குப் பக்கத்தில் ஒரு வழவழப்பான காகிதம். தானாகத் தண்ணீர் சூடாக்கும் மெஷினுக்கு விளம்பரம். மினாகோ எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"பட்டனத் தட்டினா நாப்பத்தியொண்ணு சித்தப்பா. கூடாது, குறையாது. விறகு வேண்டாம், புகை வேண்டாம்."

"நான்?"

"நீங்க ஓய்வெடுங்க."

"ஓய்வா? உங்க அப்பா இப்ப ஓய்வுலதான் இருக்கான். கல்லறையில."

மீனைத் தொடவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பட்டனாம்.

அதே நாள், ஏழு மணி

எழுத்து கோணுகிறது. குளிர்தான் காரணம்.

ஐந்தே கால் மணிக்கு நான் வாசல் பக்கம் வந்தபோது உள்ளே அலறல். மினாகோ வாசல் திரையை விலக்கிக்கொண்டு ஓடினாள். நான் திரைக்கு வெளியே நின்றேன். ஆண் என்ன செய்ய முடியும்? தொட்டித் தண்ணீர் திடீரென்று சூடேறியிருக்கிறது. அந்த டோட்டோரிப் பெண் சட்டென்று எழுந்திருக்கிறாள், கண் இருட்டியிருக்கிறது, விழுந்ததில் நெற்றி ஓடு விளிம்பில் பட்டுவிட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் அவளைப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்தார்கள். போர்வையில் ரத்தம். ரத்தம் ஓடும் என்று நான் சொன்னேன் அல்லவா?

சொன்னேன் என்பதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

பாய்லர் மானியில் நாற்பத்து மூன்றுதான் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். சத்தியம்.

அக்டோபர் 17, வெள்ளி

நெற்றியில் மூன்று தையல். பிழைத்துக்கொண்டாள். மாலையே விடுதிக்குத் திரும்பிவிடுவாளாம். போக வேறு இடம் ஏது அவளுக்கு.

காலையில் மினாகோ நோட்டுப் புத்தகத்தோடு பாய்லர் அறைக்கு வந்தாள். "சூட்ட ஏத்தினது யாரு?"

"எனக்கெப்படித் தெரியும்? மானியில நாப்பத்து மூணு."

"அப்ப எப்படி ஏறிச்சு?"

நான் யோசித்தேன். உண்மையில் யோசிக்கத் தேவையே இல்லை, காதில் விழுந்தது விழுந்ததுதான். "தொட்டி ஓரத்துல வெந்நீர்க் குழாய் ஒண்ணு இருக்கில்ல, பித்தளைத் திருகு வெச்சது? அது கிரீச்சுன்னு கத்திச்சு. ரெண்டு சுத்து. அப்புறம் இசோயோ அக்கா சிரிப்பு. என் காதாலயே கேட்டேன்."

மினாகோ பேனா மூடியைத் திறந்தாள், மறுபடி மூடினாள்.

"பித்தளைத் திருகு?"

"எண்ணெய் போடாத திருகு. அப்படித்தான் கத்தும்."

நோட்டை மூடினாள். "சரி. எழுதிக்கிறேன்."

மூன்றரைக்கு வாசலில் ஏழு பேர், ஒவ்வொருத்தி கக்கத்திலும் குளியல் கிண்ணம். மினாகோ இசோயோ அக்காவை மட்டும் நிறுத்தினாள். சித்தப்பா காதில் விழுந்ததாம், நீங்கதான் வெந்நீர்க் குழாயைத் திருகினீங்களாம் என்றாள்.

"எந்தக் குழாய்?" என்றாள் இசோயோ அக்கா. அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "டேய் டோகுஜி. எந்தக் குழாய்டா?"

"தெரியாத மாதிரி கேக்காதே அக்கா. பித்தளைக் குழாய்."

"எந்தப் பித்தளைக் குழாய்?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நல்ல சிரிப்பில்லை. ஒரு பெண்ணுக்கு மண்டை உடைந்திருக்கிறது, இவர்களுக்குச் சிரிப்பு! திமிரைப் பாருங்கள். இசோயோ அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"மினாகோ. இதையும் நீ கேட்டுக்கிட்டு நிக்கிறியா?"

"இனிமே நீங்க வர வேண்டாம் அத்தை. மத்தவங்க வரலாம்."

ஏழு பேரும் திரும்பிப் போனார்கள். தெரு முழுக்க எங்கள் பரம்பரையைத் திட்டிக்கொண்டே போனார்கள்.

அக்டோபர் 21, செவ்வாய்

மூன்று பேர் திரும்பி வந்துவிட்டார்கள். மானம் பெரிதுதான், முதுகு அரிப்பு அதைவிடப் பெரிது. என்னோடு பேசுவதில்லை. தண்ணீர் நாற்பத்தியொன்றில் நிற்கிறது. பச்சைத் தண்ணீர்க் குழாய்க்குக் காவல் இல்லை. யார் வேண்டுமானாலும் திறக்கலாம். யாரும் திறப்பதில்லையாம்.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை. பஸ் நிறுத்தத்தில் இசோயோ அக்கா. பிளாஸ்டிக் பையில் கிண்ணம், மேலே துண்டு. நான் வணக்கம் சொன்னேன். பெரிய மனதோடுதான் சொன்னேன்.

"குளிச்சிட்டு ரெண்டு பஸ் மாறி வீடு வர்றதுக்குள்ள ஒடம்பு ஐஸாயிடுது" என்றாள். "உன் புண்ணியம்."

"சட்டம்னா சட்டம்தானே அக்கா."

"சட்டமா? வாயில பல்லு இருக்கா உனக்கு? இருந்தா எண்ணி வெச்சுக்க. எனக்கு முழங்கால் சரியானதும் வர்றேன்."

இருபத்தெட்டுப் பல் இருக்கிறது. என் வயதில் இது சாதனை.

நவம்பர் 4, செவ்வாய்

டோட்டோரிப் பெண்ணுக்கு நெற்றித் தையல் பிரித்தாயிற்று. சந்தில் வந்து நின்றாள். இந்த முறை படம் எடுக்கவில்லை.

"அந்தப் பாட்டி ஏன் வர்றதில்ல?"

"உன் மண்டைய ஒடச்சதுக்குத் தண்டனை. வெந்நீர்க் குழாயத் திருகினது அவதான்."

"அவங்களா?" விறகு வண்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவங்க எதையும் தொடலையே. நான் அவங்களையேதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"ஏன்?"

"எப்ப அசருவாங்க, பச்சைத் தண்ணியத் திறக்கலாம்னு. அசரவே இல்ல. நான் விழுந்ததும் அவங்கதான் என் தலைய எடுத்து மடியில வெச்சுக்கிட்டாங்க. காயத்த அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே என்னைத் திட்டினாங்க. சாப்பிடாம குளிக்க வந்தியாடி நாயேன்னு. அன்னிக்கு நான் சாப்பிடலதான். எப்படித் தெரிஞ்சுதுன்னு தெரியல."

தலையில் அடிபட்டவர்களுக்கு நினைவு பிசகும். இது மருத்துவ உண்மை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது எனக்குத் தெரியவந்தது.

ஆனால் மடியில் வைத்துக்கொண்டாளா?

நவம்பர் 10, திங்கள்

விடுமுறை. தொட்டியின் அடி வலை அடைத்துக்கொண்டது. வழக்கமாகச் சுத்தம் செய்யும் பெண் ஊருக்குப் போய்விட்டதால் மினாகோ என்னைக் கூப்பிட்டாள். "உள்ள யாரும் இல்ல, வாங்க."

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பு பார்த்ததுதான். இடித்துக் கட்டி, இங்கேயும் புது ஓடு பதித்த பிறகு பெண்கள் பக்கத்துக்குள் நான் காலெடுத்து வைத்தது இன்றைக்குத்தான். எல்லாம் நீல ஓடு. வலையில் சிக்கிய முடியை எடுத்துவிட்டு, சரி, அந்தப் பித்தளைத் திருகுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடலாம் என்று தொட்டி ஓரத்துக்குப் போனேன்.

ஓடு. வழவழவென்று ஓடு. இந்த மூலையிலும் ஓடு, அந்த மூலையிலும் ஓடு. பச்சைத் தண்ணீர்க் குழாய் ஒன்று இருந்தது. வேறு குழாயே இல்லை. முழங்காலிட்டுக் கையால் தடவிப் பார்த்தேன், மாவில் விழுந்த ஊசியைத் தேடுவதுபோல.

"என்ன தேடறீங்க?" மினாகோ கதவருகே நின்றாள்.

"இங்க ஒரு பித்தளைக் குழாய் இருந்துச்சே?"

"இடிச்சுக் கட்டறப்பவே எடுத்தாச்சு. மூணு வருஷமாச்சு."

அப்போதுதான் வாசலில் நின்ற ஏழு பேரின் சிரிப்பு எனக்குப் புரிந்தது. தினமும் குளிக்கிற அத்தனை பெண்களுக்கும் தெரியும். தெருவுக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

"அப்ப... அன்னிக்கு நான் உங்கிட்ட சொன்னப்ப?"

"நீங்க சொன்னீங்க. நான் கேட்டுக்கிட்டேன்."

"இல்லாத குழாய்னு தெரிஞ்சே?"

"இசோயோ அத்தை இல்லாம புகாரே இல்ல சித்தப்பா. ஒரு வருஷமா நான் தேடின காரணத்த நீங்க கொண்டுவந்து குடுத்தீங்க. உங்களுக்கும் வசதி, எனக்கும் வசதி." தரையில் கிடந்த வாளியை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். "சூடு எப்படி ஏறிச்சுன்னு நான் உங்கள இன்னி வரைக்கும் கேக்கல. கேக்கவும் மாட்டேன்."

அண்ணன் மகள். தூக்கி வளர்த்த கை இது.

நவம்பர் 11, செவ்வாய்

எழுதித் தொலைக்கிறேன். பாய்லர் எரியும்போது காற்றடிக்கும் மெஷின் ஓடும், மரம் வெடிக்கும். அந்தச் சுவருக்கு அப்பால் என்ன நடந்தாலும் கேட்காது. சோப்பு டப்பா சண்டைகூட இசோயோ அக்காவே குளித்துவிட்டு வந்து வாசலில் பால் குடித்துக்கொண்டு சொன்னதுதான். கிரீச்சும் இல்லை, சிரிப்பும் இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

திரும்பி வந்த மூன்று பேரும் எனக்குக் கேட்க வேண்டும் என்றே வாசலில் உரக்கப் பேசினார்கள். இசோயோவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முழங்கால் மடங்கி, மழைத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாளாம். குளித்து ஆறு நாளாயிற்று, அவமானமாயிருக்கிறது, யாரும் வராதீர்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாளாம்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். கையில் வேகவைத்த முள்ளங்கியும் மீன் உருண்டையும். கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. ஒரு கண் தெரிந்தது.

"குழாய் கெடச்சுதாடா?"

வழியெல்லாம் அழகாக ஒரு பேச்சு தயார் செய்திருந்தேன். பூகம்பம், குழாய் அதிர்வு, பழைய பைப்பின் சுபாவம் என்று எல்லாம் இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"நான்தான் அக்கா. பாய்லர் ரூம் வால்வு. நான்தான் திருப்பினேன்."

"அது தெரியும். அம்பது வருஷமா குளிக்கிறவளுக்கு வெந்நீர் எங்கேருந்து வருதுன்னு தெரியாதா? அது வந்த வேகத்துலயே தெரிஞ்சுது."

"அப்ப ஏன் நீ எல்லார்கிட்டயும்..."

"சொல்லலையா? மூணு தடவ கேட்டேனே, வாசல்ல வெச்சு! ஒரு தடவயாச்சும் உனக்கு வெக்கம் வருமான்னு பாத்தேன்." இருமினாள். ரொம்ப நேரம் இருமினாள். "சரி, ஏன் திருப்பின? அதச் சொல்லு."

"கை வழுக்கிடுச்சு."

ஒற்றைக் கண் என்னைப் பார்த்தது.

"வழுக்கிடுச்சு" என்றாள். சங்கிலியை எடுத்துப் பாத்திரத்தை மட்டும் உள்ளே வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்தினாள்.

நவம்பர் 20, வியாழன்

மினாகோவிடம் சொன்னேன். முதலில் வேண்டாம் என்றாள். "மெஷின் வர்ற வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருங்க. முடிஞ்சு போனதக் கிளறாதீங்க."

"முடியலம்மா. அங்க ஒருத்தி குளிக்காம கெடக்கா."

"நீங்க செஞ்சதுன்னு வெளிய தெரிஞ்சா, இந்த இடத்துல ஒரு நாள்கூட உங்கள வெச்சுக்க முடியாது. தெரியுமில்ல? ஒருத்திக்கு மண்ட ஒடஞ்சிருக்கு."

"தெரியும்."

"அப்ப நீங்களே எழுதுங்க. உங்க கையெழுத்துல. வாசல்ல ஒட்டறேன்." குரல் உடைந்தது. கோபத்தில்தான். "ரெண்டு வரி. கதை வேண்டாம்."

எட்டுக் காகிதம் கிழித்தேன். ஒட்டியது இது:

'அக்டோபர் 16 அன்று தொட்டியில் சூடு ஏறியதற்குக் காரணம் பாய்லர் அறையில் இருந்த நான். வால்வில் என் கை வழுக்கிவிட்டது. இசோயோ அம்மையார் எதையும் தொடவில்லை. குழாய்ச் சத்தம் கேட்டதாக நான் சொன்னது பொய். குவபாரா டோகுஜி.'

நவம்பர் 25, செவ்வாய்

சாவியைக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடைசி முறையாக நெருப்பை அணைத்தேன். அடுத்த வாரம் மெஷின். அதுவரை குழாய் ரிப்பேர்க்காரன் ஒருவன் வந்து பார்த்துக்கொள்கிறான். விறகு போடத் தெரியாதவன். நாற்பத்தியொன்றில்கூட நிறுத்தத் தெரியவில்லை அவனுக்கு.

மினாகோ தானே இசோயோ அக்கா வீட்டுக்குப் போய் மண்டியிட்டுக் கூப்பிட்டாளாம். மூன்றரைக்கு எதிர்ப்பக்கக் கடை ஓரத்தில் நின்று பார்த்தேன். ஏழு பேர். இசோயோ அக்கா அந்தக் காகிதத்தை மூக்கு படும் அளவுக்குக் கிட்டே போய் முழுவதும் வாசித்தாள். திரையை விலக்கி உள்ளே போனாள். பத்தே நிமிடத்தில் தெருவுக்கே கேட்டது: "இது வெந்நீரா, பச்சத் தண்ணியா? மீன் கழுவக்கூட ஆகாது!" நிஜமாகவே கேட்டது. இப்போது என் காதுக்குப் பக்கத்தில் பாய்லர் இல்லையே.

டோட்டோரிப் பெண்ணுக்கு வேலை கிடைத்துவிட்டதாம். பெட்டியைக் காலி செய்து, சக்கரப் பையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தவள் என்னைப் பார்த்துத் தெருவைத் தாண்டி வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"வாசல்ல படிச்சேன்" என்றாள். நெற்றியில் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. "கை வழுக்கறது யாருக்கும் நடக்கும் தாத்தா. மனசுல வெச்சுக்காதீங்க."

குனிந்து வணங்கிவிட்டுப் போனாள்.

நவம்பர் 26, புதன்

கை வழுக்கவில்லை. கையுறை போட்டிருந்தேன். பையில் அந்த மெஷின் காகிதம் இருந்தது. பட்டனைத் தட்டினால் நாற்பத்தியொன்று வேண்டுமா உங்களுக்கு, ஒரு தடவை துள்ளிப் பாருங்கள் என்று நினைத்தேன். மூன்று சுற்று. ஒவ்வொன்றாக எண்ணித் திருப்பினேன்.